உப்பாபீஸுக்கு வாழ்க்கைப்பட்டவர்

திருமாறனுக்குப் பொறாமை வந்தது காலம் போன காலத்தில். ஓர் ஆள் மேல் வந்திருந்தால் ஊரில் நாலு பேரிடம் சொல்லிப் புலம்பியிருக்கலாம், பெரிய மனுஷர்களை வைத்துப் பஞ்சாயத்துப் பேசியிருக்கலாம். அவருக்கு வந்ததோ ஒரு கட்டடத்தின் மேல். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

வேதாரண்யத்துக்குத் தெற்கே, உப்பளங்களைப் பார்த்தபடி நிற்கும் பழைய உப்பாபீஸ்தான் அந்தக் கட்டடம். வெள்ளைக்காரன் காலத்தில் உப்புக்கு வரி வாங்கிய இடம். முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர், உயர்ந்த வளைவுகள், மாடியில் மூன்று பக்கமும் தாழ்வாரம். உப்பை நிறுத்துக் கணக்குப் பார்த்த கட்டடத்தைக் கடைசியில் உப்பே தின்ன ஆரம்பித்ததுதான் வேடிக்கை. கடல் உயர உயர, உப்பு ஈரம் அடியிலிருந்து சுவருக்குள் ஏறியது. பூச்சு பொரிந்து, செங்கல் மாவாக உதிர்ந்தது. சிமெண்ட் வைத்துப் பூசிப் பார்த்தார்கள், இன்னும் வேகமாக உதிர்ந்தது. அப்போதுதான் மரபுக்கட்டட வாரியம் உயிர்ச்சாந்தைக் கொண்டுவந்தது.

வாரியத்தின் நுண்ணுயிர் அதிகாரி ஷமீமா. நாகூர்ப் பெண், சின்ன வயது, எதையும் வீட்டுக் கதை மாதிரி சொல்லத் தெரிந்தவள். கல்யாண மண்டபத்தில் ஊரைக் கூட்டி வைத்து விளக்கினாள்.

"இது வெறும் சாந்து இல்லங்க, ஒரு கூட்டம். சுண்ணாம்புக்குள்ள உயிரோட இருக்கும். வெடிப்பு விட்டா தானா அடைச்சுக்கும். உப்பு ஏறினா அதையும் தின்னு செரிச்சிடும். ஒரே ஒரு கொறைதான், அதுக்குத் தனியா இருக்கத் தெரியாது. மனுஷன் தோல்ல இருக்கிற கிருமியோட கூடித்தான் வாழும். அதுவும் ஒருத்தர் கைதான். தெனமும் அந்த ஒரு கை தொட்டுக்கிட்டே இருக்கணும், மிஞ்சிப் போனா மூணு நாள் தாங்கும்."

யார் கை என்று பார்க்க முகாம் போட்டார்கள். ஈரச் சுண்ணாம்பு வட்டு ஒவ்வொன்றிலும் ஒருவர் உள்ளங்கையை அழுத்த வேண்டும். முதல் ஆளாகப் போய் நின்றவர் திருமாறன். கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர், கிருமி என்றால் ஊரில் தன்னை விட்டால் ஆள் இல்லை என்ற நினைப்பு அவருக்கு. அவர் மனைவி தையல்நாயகி பக்கத்து வீட்டுக்காரிக்குத் துணையாகப் போனவள், சும்மா நிற்பானேன் என்று கையை வைத்தாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், நாளெல்லாம் கிருமிநாசினி போட்டுக் கழுவிய திருமாறனின் வட்டு அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்தது. தையல்நாயகியின் வட்டில் பாலாடை போல மெல்லிய தோல் படர்ந்திருந்தது.

சம்பளத்தோடு வேலை, கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை. பதவியின் பெயர் கட்டடத் துணைவர். அரசாங்கத்தில் பெயர் வைப்பவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது போலிருக்கிறது. திருமாறன் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் நான் யார் என்று கேட்டார். தையல்நாயகி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

காலையில் காபி கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவாள். நீர்த்த கஞ்சியில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை வாளியில் எடுத்துக்கொண்டு, வெறும் உள்ளங்கையால் சுவரைத் தடவிக்கொண்டே போவாள். அது முடிய வெயில் ஏறிவிடும். சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது. மஞ்சள் ஆகவே ஆகாது, அது சுவரிலுள்ள கூட்டத்தைக் கொன்றுவிடும். அதனால் மஞ்சள் பூசிக் குளிப்பதை விட்டாள். தாலியை மஞ்சள் கயிற்றிலிருந்து கழற்றிச் சங்கிலியில் கோர்த்தாள். குழம்பில் மஞ்சள் இருக்கிறதே என்று ஸ்பூனால் சாப்பிட ஆரம்பித்தாள். தான் கட்டிய கயிறு ஒரு சுவருக்காகக் கழன்றது திருமாறனுக்கு முள்ளாகக் குத்தியது.

அவர் ஒருவர் மட்டும் இல்லை, கடற்கரை நெடுகிலும் இதே கதைதான். ஒரு ஊரில், அப்பா செத்த செய்தி வந்தும் சிங்கப்பூருக்குப் போகாமல் சுவரைத் தடவிக்கொண்டு நின்றான் ஒரு மகன். துணைவர் வேலையில் இருக்கும் பெண் என்றால் மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தையே கேட்பதில்லை. மூன்று நாளுக்கு மேல் ஊரை விட்டுப் போக முடியாதவளைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது? ஆனால் கட்டடங்கள் நின்றன. புயல் வந்து புது வீடுகளின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோதும் உப்பாபீஸ் ஒரு செங்கல்லைக் கூட விடவில்லை. எங்கெங்கிருந்தோ வந்து பார்த்துப் படம் எடுத்தார்கள். படத்தில் தையல்நாயகி சுவரோடு சாய்ந்து நிற்பாள். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. கல்யாணப் போட்டோவில் கூட அவள் அப்படி நிற்கவில்லை என்று திருமாறனுக்குத் தோன்றியது. பழைய ஆல்பத்தை எடுத்து ஒப்பிட்டும் பார்த்தார். அது உண்மைதான்.

தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒருநாள் அவர் அவள் கையைப் பிடித்தார். பொறாமையில் பிடித்த கைதான், என்றாலும் பிடித்தார். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இன்னும் மேல்தாழ்வாரம் பாக்கியிருக்குங்க. தொடாதிங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து அவர் அந்தக் கட்டடத்தை ஓர் எதிராளியாகவே பார்க்க ஆரம்பித்தார். கடைக்குக் குறுக்குவழி அந்தக் கட்டடத்தின் பக்கமாகத்தான் போகும், அதனால் தெருவை மாற்றிச் சுற்றிக்கொண்டு போனார்.

இந்த நேரத்தில்தான் உடுமலைப்பேட்டையிலிருந்த மகள் இதழினி முழுகாமல் இருக்கும் சேதி வந்தது. தலைப்பிரசவம். மாமியார் இல்லாத வீடு. அம்மா ஆறு மாதமாவது வந்து இருக்க வேண்டும் என்று அழுதாள். கடையை விற்றுவிட்டு அங்கேயே மகளோடு போய்விடலாம், வயதான காலத்தில் நாமிருவரும் பேரப்பிள்ளையுமாக இருக்கலாம் என்று திருமாறன் ரொம்ப நாளாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். தையல்நாயகி வாரியத்துக்கு எழுதிக் கேட்டாள். மறுபடி முகாம் போட்டார்கள். எந்த வட்டிலும் தோல் படரவில்லை. பிரசவ நேரத்தில் மூன்று நாள் போய் வருகிறேன் என்று மகளிடம் சொன்னாள். மகள் போனை வைத்துவிட்டாள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் தையல்நாயகி அறைக்குள் போய் அழுதாள். திருமாறன் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மகளுக்காக அழுகிறாள் என்று அவருக்குத் தெரியும். அப்படியும் போகாமல் இருக்கிறாளே, அந்தச் சுவர் அவ்வளவு பெரிதா என்பதுதான் அவரைச் சுட்டது. எப்படியும் இவளை அதனிடமிருந்து பிரித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

மாதச் சோதனைக்கு வந்த ஷமீமா கடையில் சோடா குடிக்க நின்றபோது பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டார்: ஒரு சுவரை இரண்டு பேர் தொட்டால் என்ன ஆகும்?

"ரெண்டு கூட்டமும் அடிச்சுக்கும் சார். தோல் உரிஞ்சு கொட்டும். அப்பறம் ஒரு மழை போதும், சுவர் கரைஞ்சு போயிடும். அதான் கயிறு கட்டி ஆளையே கிட்ட விடறதில்ல."

"கரைஞ்சு போனா, தொணைவர் வேல?"

"கட்டடம் இல்லாம தொணைவர் எதுக்கு சார்? விட்டுருவாங்க."

அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

நாற்பது வருஷமாக நாளெல்லாம் கை கழுவிய மனிதர் கழுவுவதை நிறுத்தினார். சோப்பைத் தொடவில்லை. கடையில் கிருமிநாசினிப் புட்டியைக் கண்ணில் படாத அலமாரிக்கு மாற்றினார். சாப்பாட்டில்தான் சிக்கல் வந்தது, அங்கேதான் மஞ்சள் இருக்கிறதே. ஸ்பூனை எடுத்தார். எதிரில் உட்கார்ந்திருந்த தையல்நாயகி பார்த்தாள். எனக்காகவா என்று கேட்டாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அன்று அவள் அவருக்கு இன்னொரு அப்பளம் பொரித்துக் கொண்டுவந்து வைத்தாள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் கண்ணயரும் நேரத்தில் அவர் உப்பாபீஸுக்குப் போவார். காவல்காரர் அப்போது நிழலைத் தேடிப் போயிருப்பார். பின்பக்கம், மேற்குச் சுவர். காலையில் அவள் மிச்சம் வைத்த கஞ்சித் தண்ணீரை ஒரு புட்டியில் ஊற்றிக் கொண்டுபோவார். முதல் நாள் அந்தச் சுவரில் கை வைத்தபோது உள்ளூர ஒரு திட்டு திட்டினார். இத்தனை நாள் என் வீட்டில் சாப்பிட்டவளை நீ வைத்திருந்தாய், இனி பார் என்பது மாதிரி ஏதோ. கழுத்தை நெரிப்பவர் போல அழுத்தித் தேய்த்தார்.

பத்துப் பதினைந்து நாளில் சுவர் உரிய ஆரம்பித்தது. மேற்குப் பக்கம் முழுக்கச் சொரி பிடித்த மாதிரி ஆனது. தையல்நாயகி தவித்துப் போனாள். தன் கையில்தான் ஏதோ குற்றம் என்று நினைத்து ஊறுகாயை விட்டாள், தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டாள், கோயில் விபூதியைக் கூடத் தொடாமல் ஸ்பூனில் வாங்கி நெற்றியில் கொட்டிக்கொண்டாள். நான் என்ன செய்தேன் என்று சுவரிடமே கேட்டதைக் காவல்காரர் பார்த்துவிட்டு வந்து திருமாறனிடம் சொன்னார். பாவமாகத்தான் இருந்தது அவருக்கு. ஆனால் பாவத்தைவிடப் பொறாமை பலம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது இப்படித் துடித்தாளா என்று யோசித்தார், மறுநாள் இன்னும் சீக்கிரமாகவே கிளம்பினார்.

போகப் போக அவருக்கு ஒன்று புரிந்தது. உச்சி வெயிலில் அந்தச் சுவர் தாகத்தோடு இருந்தது. கை பட்டதும் தண்ணீரைச் சர்ரென்று இழுத்துக்கொண்டது. வெளியே நெருப்பாக அடிக்கும்போது சுவர் உள்ளங்கைக்குக் குளிர்ச்சியாக இருந்தது. முதலில் தேய்த்தவர் பிறகு தடவினார். எந்த இடத்தில் எவ்வளவு குடிக்கும் என்பது அவர் கைக்குப் பழகிவிட்டது. கடையைச் சாத்திவிட்டுப் போகும் நேரம் நீண்டது. மருந்து வாங்க வந்தவர்கள் பூட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, அன்றைக்கும் போனார். எதற்காக ஆரம்பித்தோம் என்பதை அவர் மறக்கவில்லை. ஆனால் நாளைக்கு மழை வந்துவிட்டால் என்று ஒருநாள் வானத்தைப் பார்த்துக் கவலைப்பட்டார். பிறகுதான், மழை வருவதுதானே நமக்கு வேண்டியது என்று நினைவு வந்தது.

ஐப்பசி மழை வந்தது. சுவர் கரையவில்லை. உரிந்த இடமெல்லாம் புதுத் தோல் மூடி, முன்னைவிட வழவழவென்று நின்றது. தையல்நாயகி மழையில் நனைந்துகொண்டே ஓடிவந்து சொன்னாள், சரியாகிவிட்டது, என்னை மன்னித்துவிட்டது என்று. உன்னையா மன்னித்தது என்று வாய் வரை வந்ததைத் திருமாறன் விழுங்கினார்.

ஷமீமா வந்து சுரண்டி எடுத்துச் சோதனைப் பெட்டியில் போட்டுப் பார்த்தாள். மறுபடியும் போட்டுப் பார்த்தாள். தாழ்வாரத்தில் மூன்று பேரும் நின்றிருந்தார்கள்.

"அக்கா, இதுல உங்க கை இல்ல," என்றாள். "எந்தப் பக்கத்துச் சுவர்லயும் இல்ல. வேற யாரோ தொட்டிருக்காங்க. மதியத்துல தொட்டிருக்காங்க போல, அப்பதான் சுவருக்குத் தாகம் ஜாஸ்தி. காலைலதான் தொடணும்னு நாங்கதான் தப்பா எழுதி வச்சிருக்கோம். மேற்குலேர்ந்து புதுக் கூட்டம் எல்லாப் பக்கமும் பரவி, பழைய கூட்டம் தோத்துப் போச்சு."

காவல்காரரைத்தான் சந்தேகப்பட்டார்கள். அவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும், வேலை போனாலும் போகும் என்று ஷமீமா சொல்லிக்கொண்டிருக்கும்போதே திருமாறன் தன் வலது கையை நீட்டினார். அவள் பஞ்சால் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். பெட்டி பொருத்தம் என்று பச்சை காட்டியது. அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காரில் ஏதோ எடுக்க வேண்டும் என்று சொல்லி இறங்கிப் போய்விட்டாள்.

தையல்நாயகி அவர் கையைப் பிடித்தாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ரேகை முழுக்கச் சுண்ணாம்பு ஏறி வெளுத்திருந்தது.

"ஸ்பூனு இதுக்குத்தானா?"

அவர் தலையாட்டினார்.

"ஒன்ன இதுக்கிட்டேர்ந்து மீட்டு அழச்சிக்கிட்டுப் போயிடணும்னு நெனச்சேன் தையலு. செவுத்த அழிக்கத்தான் வந்தேன்."

"அழிக்க வந்தவரு தெனமும் வந்தீங்களா?"

"ம்."

"எவ்வளவு நேரம் இருப்பீங்க?"

"ஒரு மணி நேரம். சில நாளு கூடவும்."

அவள் கையை விட்டாள்.

"கல்யாணமாயி முப்பது வருஷம் ஆவுது. நீங்களா வந்து என் கையப் புடிச்சது எத்தன தடவன்னு சொல்லுங்க."

"நீதான தொடாதிங்கன்ன."

"அது இப்ப. அதுக்கு முன்னால?"

மழை விட்டிருந்தது. வளைவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திருமாறன் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். தேர்த் திருவிழாவைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

"என் கைய வுட்டுட்டுப் போச்சேன்னு எனக்குச் செவுத்து மேல கோவமில்ல," என்றாள் தையல்நாயகி. "செவுரு பாவம், தொட்டவங்களுக்கு அது. எனக்குப் பொறாமையா இருக்குங்க. தெனமும் மத்தியானம் கடையச் சாத்திட்டு ஒருத்தர் இதத் தேடிக்கிட்டு வந்திருக்காரேன்னு."

வாளியைக் கவிழ்த்து வைத்தாள். கழுத்து அட்டையைக் கழற்றி அதன் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். குளியலறையில் வெகு நேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முகமெல்லாம் மஞ்சள் பூசியிருந்தாள். பார்க்க அழகாக இருந்தாள். அதைச் சொல்லலாமா என்று திருமாறன் யோசிப்பதற்குள் பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

வாரியம் அவர் மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. எடுத்தால் கட்டடம் போய்விடுமே! விசாரணை ஆணையும் நியமன ஆணையும் ஒரே உறையில் வந்தன. கட்டடத் துணைவர் திருமாறன். கடையை மச்சினன் மகனிடம் ஒப்படைத்தார். இதழினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தையல்நாயகி நன்றாகத்தான் பேசினாள், சோறு போட்டாள். குழந்தைக்கு மஞ்சளும் எண்ணெயும் தேய்த்துக்கொண்டிருந்ததால் அவர் குழந்தையைத் தூக்கவில்லை. ஆறு மாதம் கழித்து வந்துவிடுகிறேன் என்று பஸ் ஏற்றும்போது அவளாகவே சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் பங்குனி வரை ஓட்டினார். வீட்டுக்கு வெள்ளையடித்தார். அவள் வந்தால் மதியத்தில் சுவர், வெயில் தாழ்ந்ததும் அவள் என்று நாளைப் பிரித்து வைத்திருந்தார். கையைப் பிடிப்பது என்றும் முடிவு செய்திருந்தார்.

சித்திரையில் அவள் போன் செய்தாள். குழந்தை குப்புற விழுந்ததைச் சொன்னாள், இதழினி வேலைக்குத் திரும்பியதைச் சொன்னாள்.

"இங்க மலையடிவாரத்துல பழைய சத்திரம் ஒண்ணு இருக்குங்க," என்றாள் பிறகு. "நல்ல மரத்தூணு, பெரிய முற்றம். இடிஞ்சு விழப் போவுதுன்னு முகாம் போட்டாங்க. ஷமீமா பொண்ணுதான் தகவல் சொல்லிச்சு. சும்மாத்தான் கை வச்சுப் பாத்தேன்."

திருமாறன் எழுந்து நின்றுவிட்டார்.

"புடிச்சிக்கிச்சா?"

"செவுத்துலயே, மொத வாரத்துல."

முகாம் வட்டில் ஒரு வாரத்தில் பிடித்தும், உப்பாபீஸ் சுவருக்கு அவள் கை பழக மூன்று மாதம் ஆகியிருந்தது. அது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

"மத்தியானத்துலதான் தொடறேன்," என்றாள் அவள். "நல்லாக் குடிக்குது. உப்புக் காத்து கெடையாதுல்ல, கையி எரியல."

"நம்மளத விடப் பழசா?"

"ரொம்பப் பழசு. ஆனா அப்புடி ஒரு குளிர்ச்சிங்க."

மலையடிவாரத்தில் எந்தச் சுவரும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், கடலோரத்தில் நின்று பார்த்தால் தெரியும் அந்தச் சத்திரத்தின் லட்சணம் என்று அவருக்குச் சொல்லத் தோன்றியது. எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்டார்.

"வராம என்ன, வருவேன். ஆனா மூணு நாளைக்கு மேல வுட்டுட்டு இருக்க முடியாதே. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும் என்றார். குழந்தை அழும் சத்தம் கேட்டது. அவள் வைத்துவிட்டாள்.

உச்சி வெயில் ஏறியிருந்தது. திருமாறன் வாளியோடு மேற்குச் சுவருக்குப் போனார். அவருடைய கை தடவும் மார்புயரத்தில் சுவர் புதுத்தோலோடு பளபளவென்று இருந்தது. அதற்குக் கீழே, ஒரு முழம் தாழ்வாக, அவள் கை தடவித் தடவித் தேய்ந்த வரி ஒன்று நீளமாக ஓடியது. இத்தனை நாளும் அந்த வரியை அவர் தொட்டதில்லை, சுவர் விஷயத்தில் தனக்கு எதிராளியாகிவிட்ட அவள் விட்டுப்போன இடம் என்று ஒதுக்கி வைத்திருந்தார். அதில் கை வைக்கக் குனிய வேண்டும். குனிந்தார். அவர் கைக்குப் பழகாத அந்த இடத்துச் சுவர் தண்ணீரை வாங்கிக்கொள்ளவில்லை, எல்லாம் விரலிடுக்கில் வழிந்து அவர் காலில் கொட்டியது. கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.